தகர வாளும் துப்புரவுத் தொழிலாளியின் கேள்வியும்: கொல்கத்தாவின் நாடகப் பருவம்

உத்பல் தத் எழுதி இயக்கி 1971ஆம் ஆண்டில் மேடையேற்றிய 'டினேர் தலோவார்' என்னும் வங்க நாடகம் ஓர் இரவுத் தெருவில் தொடங்குகிறது. 'தகர வாள்' என்பது அப்பெயரின் பொருள். கதை நிகழும் ஆண்டு 1876, இடம் கல்கத்தா. நாடகக் குழு ஒன்றின் தலைவரான பேணிமாதவ், தமது புதிய நாடகத்திற்கான சுவரொட்டிகள் ஒட்டப்படுவதை மதுமயக்கத்தில் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அப்போது தெருவில் உள்ள பாதாளச் சாக்கடையின் வாயிலிருந்து ஒரு துப்புரவுத் தொழிலாளி தலையை நீட்டுகிறார். அள்ளிய கழிவு பேணிமாதவின் காலடியில் வந்து விழுகிறது. இருவருக்கும் பேச்சு வளர்கிறது. நாடகம் பார்க்க வரும்படி பேணிமாதவ் அழைக்கிறார். அரசனும் இளவரசியும் பளபளப்பான உடையணிந்து பேசும் நாடகத்தில் தனக்கு என்ன இருக்கிறது என்று அத்தொழிலாளி திருப்பிக் கேட்கிறார். நகரத்தின் அடியில் வாழும் தன்னைப் பற்றி ஏன் நாடகம் போடவில்லை என்பதே அவரது கேள்வி.

பேணிமாதவிடம் அதற்கு விடையில்லை. அந்த விடையைத் தேடிச் செல்வதுதான் எஞ்சிய நாடகம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட பின்னரும் கொல்கத்தாவின் நாடக அரங்குகளின் வாசலில் அந்தக் கேள்வி நின்றுகொண்டிருக்கிறது. அந்நகரின் நாடகப் பருவத்தைப் பற்றிப் பேசும் எவரும், குறிப்பாக இடதுசாரிகள், அக்கேள்வியைக் கடந்து போக இயலாது.

பருவத்தின் தோற்றம்

துர்க்கா பூஜை முடிந்து மழை ஓய்ந்ததும் கொல்கத்தாவில் நாடகப் பருவம் சூடு பிடிக்கிறது. குளிர்காலம் முழுவதும் அது நீடிக்கிறது. கதீட்ரல் சாலையில் உள்ள அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் அரங்கம் அதன் நடுநாயகம். சிறிது தூரத்தில் ரவீந்திர சதன், சிசிர் மஞ்ச். வடக்கே பாக்பஜாரில் கிரீஷ் மஞ்ச். தெற்கே தாகுரியாவில் மதுசூதன் மஞ்ச். காளிகாட்டில் தபன் தியேட்டர். பீடன் தெருவில் பழம்பெரும் மினர்வா. வார நாட்களில் மாலைக் காட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் அகாடமி அரங்கில் காலை, பிற்பகல், மாலை என மூன்று வெவ்வேறு குழுக்கள் ஒரே மேடையில் அடுத்தடுத்து நடிப்பதும் உண்டு. காலைக் குழுவினர் தமது அரங்கப் பொருட்களைப் பின்வாசல் வழியே வண்டியில் ஏற்றும்போதே அடுத்த குழுவினர் தம்முடையவற்றை இறக்கிக்கொண்டிருப்பார்கள். நந்திகார் குழு 1984 முதல் டிசம்பர் மாதத்தில் நடத்திவரும் தேசிய நாடக விழா பிற மாநில நாடகங்களையும் இந்நகரத்துப் பார்வையாளர்களிடம் கொண்டு வந்து சேர்த்தது.

இதற்கு இணையாக இன்னொரு பருவமும் உண்டு. அது சித்பூர் சாலையில் அலுவலகங்களை வைத்துள்ள ஜாத்ரா குழுக்களின் பருவம். ரதயாத்திரை நாளில் முன்பதிவு தொடங்கும். பூஜைக் காலத்தில் குழுக்கள் புறப்படும். கோடை வரை மாவட்டங்களின் திறந்தவெளிகளில் ஆட்டம் நடக்கும். அகாடமியின் வாசகர் வட்டம் ஜாத்ராவை நெடுங்காலம் ஏளனமாகப் பார்த்தது. ஆனால் உத்பல் தத் அப்படிப் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான கிராமத்து உழைப்பாளிகள் விடிய விடிய அமர்ந்து பார்க்கும் கலையை விட்டுவிட்டு மக்கள் அரங்கைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை என்று கருதி, ஜாத்ராவுக்காகவே நாடகங்கள் எழுதினார். அந்த முடிவின் முக்கியத்துவம் பின்னர் விளங்கும்.

சட்டத்தின் நிழலில் பிறந்த மேடை

வங்க நாடக மேடை பிறந்த நாளிலிருந்தே அரசுக்கும் அதற்கும் தீராத வழக்கு. தீனபந்து மித்ராவின் 'நீல் தர்ப்பண்' 1860இல் வெளியானது. அவுரி பயிரிடுமாறு வெள்ளைத் தோட்ட முதலாளிகள் விவசாயிகளை வதைத்த கொடுமையை அது காட்டியது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட குற்றத்திற்காகப் பாதிரியார் ஜேம்ஸ் லாங் ஒரு மாதம் சிறையில் அடைக்கப்பட்டார். விதிக்கப்பட்ட 1000 ரூபாய் அபராதத்தைக் காளிபிரசன்ன சிங்கா செலுத்தினார். 1872 டிசம்பர் 7 அன்று கல்கத்தாவில் நேஷனல் தியேட்டர் கட்டணச் சீட்டு விற்றுப் பொதுமக்களுக்காக நடத்திய முதல் நாடகமும் 'நீல் தர்ப்பண்' தான். பிரபுக்களின் மாளிகைத் தனியரங்கிலிருந்து நாடகம் வெளியே வந்த அன்றே விவசாயியின் துயரத்தைச் சுமந்து வந்தது என்பதை மறக்கலாகாது.

நான்கே ஆண்டுகளில் காலனி அரசு பதிலடி கொடுத்தது. வேல்ஸ் இளவரசரைத் தம் வீட்டு அந்தப்புரத்திற்கு அழைத்து உபசரித்த ஒரு வங்கப் பிரமுகரைக் கேலி செய்து கிரேட் நேஷனல் தியேட்டர் நடத்திய நாடகம் தடை செய்யப்பட்டது. குழுவின் முன்னோடிகளான உபேந்திரநாத் தாஸ், அமிர்தலால் போஸ் ஆகியோர் கைது செய்யப்பட்டனர். 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் அவ்வாறு பிறந்தது. நாடகத்தை முன்கூட்டியே தடுக்கும் அதிகாரத்தை அது அரசுக்கு வழங்கியது. வெள்ளையர் வெளியேறிய பின்னும் எழுபது ஆண்டுகள் அச்சட்டம் ஏட்டிலேயே இருந்தது. 2018இல்தான் அது நீக்கப்பட்டது. சட்டம் போனாலும் அதன் குணம் போகவில்லை.

'டினேர் தலோவார்' இந்த 1876ஆம் ஆண்டைத்தான் களமாகக் கொண்டது. பேணிமாதவ் கலைக்காக எதையும் விட்டுக்கொடுக்கத் துணிந்தவர். காய்கறி விற்றுத் திரிந்த மைனா என்னும் ஏழைப் பெண்ணை நடிகையாக உருவாக்கியவரும் அவரே. தமக்கென ஓர் அரங்கம் கிடைக்கும் என்பதற்காக அவளைப் பணக்காரப் புரவலனிடம் ஒப்படைக்கச் சம்மதிப்பவரும் அவரே. இது வெறும் கற்பனை அன்று. ஸ்டார் தியேட்டர் 1883இல் எழுந்தபோது வினோதினி தாசி என்னும் மாபெரும் நடிகை அதே விலையைக் கொடுத்தார். புரவலர் ஒருவருக்குத் தம்மைக் கொடுத்து அவர் பெற்றுத்தந்த அரங்கத்திற்குத் தமது பெயர் சூட்டப்படும் என்று நம்பியிருந்தார். விலைமாதர் குடியில் பிறந்தவளின் பெயரைத் தாங்கிய அரங்கத்திற்குக் கண்ணியமானவர்கள் வரமாட்டார்கள் என்று சொல்லி அவரது தோழர்களே அதைத் தடுத்தனர். இருபத்து நான்கு வயதை எட்டும் முன்னர் அவர் மேடையை விட்டு விலகினார். அவர் எழுதிய தன்வரலாறு 1912இல் வெளிவந்தது. ஹாதிபாகானில் உள்ள ஸ்டார் அரங்கிற்கு வினோதினியின் பெயர் சூட்டப்பட்டது 2024 டிசம்பர் இறுதியில்தான். ஒரு பெண் உழைப்பாளியின் பெயர் பலகையில் ஏற 141 ஆண்டுகள் தேவைப்பட்டன.

நாடகத்தின் இறுதிக் காட்சியில், ஆங்கிலேயக் காவல் அதிகாரி முன்வரிசையில் அமர்ந்திருக்க, பேணிமாதவ் ஒப்புக்கொண்ட பாதுகாப்பான நாடகத்தை நடுவில் நிறுத்திவிட்டுத் திதுமீரின் உரையை முழங்கத் தொடங்குகிறார். கையிலிருப்பது தகர வாள்தான். எனினும் அதிகாரி அதைக் கண்டு அஞ்சுகிறார்.

திதுமீரின் மூங்கில் கோட்டை

திதுமீர் யார்? இயற்பெயர் சையத் மீர் நிசார் அலி. ஜமீன்தார்களின் வரிக்கொடுமைக்கும் அவுரித் தோட்ட முதலாளிகளுக்கும் எதிராக வங்க விவசாயிகளைத் திரட்டியவர். நார்க்கேல்பேரியாவில் மூங்கிலால் கோட்டை கட்டினார். 1831 நவம்பரில் கம்பெனிப் படை பீரங்கிகளோடு வந்து கோட்டையைத் தகர்த்தது. திதுமீர் களத்தில் வீழ்ந்தார். உத்பல் தத் 1978இல் இவரைத் தனி நாடகமாகவே எழுதினார்.

அந்த நாடகத்தைக் கொல்கத்தாவின் இளைய தலைமுறைக் குழு ஒன்று அண்மை ஆண்டுகளில் மீண்டும் மேடையேற்றியது. தேசிய நாடகப் பள்ளி நடத்தும் பாரத் ரங் மகோத்சவத்தின் 2023ஆம் ஆண்டு விழாவுக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட அது, பின்னர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நிர்வாகம் நடைமுறைக் காரணங்களைச் சொன்னது. நாடகத்தின் உள்ளடக்கமே காரணம் என்று குழுவினர் சொன்னார்கள். இரு தரப்பின் கூற்றுகளையும் எடைபோடும்போது காலச் சூழலையும் தராசில் வைத்தாக வேண்டும். விடுதலைப் போராட்ட வரலாற்றிலிருந்து இஸ்லாமியப் பெயர்களை ஒவ்வொன்றாக அகற்றும் பணி பாடநூல்களிலும் ஊர்ப்பெயர்களிலும் நடந்துகொண்டிருக்கும் காலம் இது. ஜமீன்தாரை எதிர்த்த விவசாயியை மதவெறியன் என்று சித்திரிப்பது காலனி ஆட்சியாளரின் பழைய உத்தி. அதை இன்று வேறு கைகள் எடுத்துக்கொண்டுள்ளன.

அச்சுறுத்தல் ஒன்றியத்தின் திசையிலிருந்து மட்டும் வரவில்லை. 2022 டிசம்பரில் கிழக்குக் கொல்கத்தாவின் பெலியாகாட்டாவில் சிறு குழு ஒன்று தன் நாடக விழாவுக்கான ஏற்பாடுகளைச் செய்துகொண்டிருந்தபோது அதன் நடிகர் தாக்கப்பட்டார். மாநிலத்தில் அப்போது ஆண்ட கட்சியினரே தாக்கினர் என்று குழு குற்றஞ்சாட்டியது. நகரின் நாடகக் கலைஞர்கள் கண்டனக் குரல் எழுப்பினர். 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் வன்கொலை செய்யப்பட்டபோது நாடகக் கலைஞர்கள் வீதிக்கு வந்தனர். சிலர் மாநில அரசு அளித்த விருதுகளைத் திருப்பி அளித்தனர். சீட்டுக்கு 100, 200 ரூபாய் வசூலிக்கும் ஒரு கலை இத்தனை பேரை உறுத்துகிறது என்றால், தகர வாளுக்கு இன்னும் முனை மழுங்கவில்லை என்றே பொருள்.

மேடையில் நிற்கும் மூன்று மனிதர்கள்

பருவந்தோறும் பட்டியலுக்குத் திரும்பி வரும் பழைய நாடகங்கள் சில உண்டு. அருண் முகோபாத்யாய எழுதிச் சேதனா குழு 1970களின் தொடக்கத்திலிருந்து நடித்துவரும் 'மாரீச் சங்பாத்' அவற்றுள் ஒன்று. மூன்று கதைகள் அதில் பின்னிக் கிடக்கின்றன. இராவணனின் கட்டளைக்குப் பணிந்து பொன்மானாக மாற நிர்ப்பந்திக்கப்படும் மாரீசன். குடியானவர்களை அடித்து நொறுக்குமாறு ஜமீன்தாரால் ஏவப்படும் ஈசுவரன் என்னும் தடியாள். உளவு நிறுவனம் விரும்பும் பொய்யை எழுதுமாறு அழுத்தப்படும் அமெரிக்கப் பத்திரிகையாளன் கிரிகரி. மூவரும் வெவ்வேறு யுகத்தவர்கள். மூவரிடமும் கேட்கப்படுவது ஒன்றுதான்: எஜமானுக்காக உன் மனசாட்சியை விற்பாயா? வித்தை காட்டும் தெருக்கலைஞனின் பாணியில் பாட்டும் சிரிப்புமாக நகரும் இந்நாடகத்தைப் பார்க்க மூன்றாம் தலைமுறை வருகிறது. தேர்தல் ஆணையத்திலும் நீதிமன்றத்திலும் செய்தி நிறுவனங்களிலும் மாரீசர்கள் உற்பத்தியாகும் நாட்டில் அதற்குப் பழமை ஏறுவதற்கு வாய்ப்பில்லை.

இன்னொன்று தாகூரின் 'ரக்த கரபி'. 1924இல் இதழில் வெளியான இந்நாடகம் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. மேடைக்கு ஒவ்வாத கவித்துவப் படைப்பு என்று ஒதுக்கப்பட்டிருந்த இதனை 1954இல் சம்பு மித்ராவும் பஹுரூபி குழுவும் மேடையேற்றிய பின்னர்தான் அதன் உண்மை முகம் தெரிந்தது. யட்சபுரி என்னும் ஊரில் மண்ணைக் குடைந்து பொன் எடுக்கிறார்கள். தொழிலாளர்களுக்கு அங்கே பெயர் கிடையாது. எண்ணும் எழுத்தும்தான் அடையாளம். வலைத்திரைக்குப் பின்னால் மறைந்திருக்கும் அரசனை எவரும் கண்டதில்லை. செவ்வரளிப் பூச்சூடிய நந்தினி அந்த வலையை அறுக்கிறாள். திறன்பேசித் திரையில் எண்ணாக மட்டுமே தெரியும் உணவு விநியோகத் தொழிலாளிக்கும் கண்ணுக்குத் தெரியாத கணினி நிரலாகிவிட்ட முதலாளிக்கும் நடுவில் இன்று தொங்குவது அதே வலைதான். தாகூர் மார்க்சியர் அல்லர். எனினும் உழைப்பிலிருந்து மனிதன் அந்நியமாவதை இந்த அளவுக்குக் கண்முன் நிறுத்திய இந்திய நாடகம் வேறு எளிதில் கிடைக்காது.

கூலியில்லாத உழைப்பு

இவ்வளவையும் சுமப்பவர்கள் யார்? வங்கத்தில் இதனைக் குழு நாடகம் என்பார்கள். 1944 அக்டோபரில் இந்திய மக்கள் நாடக மன்றமான இப்டா ஸ்ரீரங்கம் அரங்கில் 'நபான்ன'வை நடத்தியபோது அதன் விதை ஊன்றப்பட்டது. ஏறத்தாழ முப்பது லட்சம் பேரைக் காவு கொண்ட 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தைப் பிஜன் பட்டாச்சார்யா நாடகமாக்கினார். அவரும் சம்பு மித்ராவும் இணைந்து இயக்கினர். நட்சத்திர நடிகர்களை நம்பிய வணிக நாடகத்திற்கு எதிராக, சாக்குத்துணியைப் பின்னணியாகக் கட்டிப் பட்டினியால் மடிந்தவர்களின் கதையை எழுத்தர்களும் மாணவர்களும் நடித்தார்கள். அந்த மரபில் வந்ததே 1948இல் தோன்றிய பஹுரூபி, அதன்பின் உத்பல் தத்தின் லிட்டில் தியேட்டர் குரூப், 1960இல் நந்திகார், 1970களில் சேதனா.

அன்றிலிருந்து இன்றுவரை குழு நாடகத்தின் பொருளாதாரம் பெரிதாக மாறவில்லை. நடிகர்களில் பெரும்பாலோருக்கு ஊதியம் இல்லை. பகலில் வங்கி, பள்ளி, அலுவலகம். அல்லது டாலிகஞ்ச் படப்பிடிப்புத் தளத்தில் தொலைக்காட்சித் தொடர். மாலையில் ஒத்திகை. ஒத்திகைக்கு இடம் பிடிப்பதே போராட்டம். அரங்க வாடகை, விளக்கு, ஒலி, வண்டிக்கூலி, நாளிதழ் விளம்பரம் ஆகியவற்றைக் கொடுத்த பின்னர் சீட்டு வசூலில் மீதமிருப்பது அரிது. மாவட்டங்களிலிருந்து வரும் அழைப்புக் காட்சிகள்தாம் பெரும்பாலான குழுக்களுக்கு மூச்சுக்காற்று. ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகத்தின் குழு மானியம் இன்னொரு தூண். அந்தத் தூண் யாருடைய கையில் இருக்கிறதோ அவர்கள் அதை அசைத்துக் காட்ட முடியும் என்பது குழுக்களுக்குத் தெரியும். தணிக்கைக்குக் காவல்துறை தேவைப்படாத காலம் இது. அரங்கத் தேதி கிடைக்காமற்போவதும், மானியக் கோப்பு நகராமல் இருப்பதும் அதே வேலையைச் சத்தமின்றிச் செய்துவிடுகின்றன.

அவ்வகையில் 1965ஆம் ஆண்டு எளிமையானதாகவே தோன்றும். 1946 கடற்படை எழுச்சியைக் காட்டிய 'கல்லோல்' நாடகம் மினர்வாவில் நடந்தபோது பெரிய நாளிதழ்கள் அதன் விளம்பரத்தை வெளியிட மறுத்தன. ஒளியமைப்பாளர் தாபஸ் சென், கல்லோல் நடக்கிறது, நடக்கும் என்னும் சுவரொட்டியை நகரெங்கும் ஒட்டச் செய்தார். உத்பல் தத் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டார். பார்வையாளர் கூட்டம் பெருகியதேயன்றிக் குறையவில்லை. அந்த நாடகத்தைக் காத்தது சலுகை அன்று. அதனைத் தமதாகக் கருதிய தொழிற்சங்கத்தவரும் மாணவரும்தான். நிலக்கரிச் சுரங்கத்தில் சிக்கிய தொழிலாளர்களைப் பற்றிக் கவலைப்படாமல், சொத்தைக் காப்பாற்றுவதற்காகச் சுரங்கத்துக்குள் முதலாளி நீரைத் திறந்துவிடும் கதையை 1959இல் 'அங்கார்' காட்டியபோதும் அவர்களே அரங்கை நிறைத்தார்கள்.

இருக்கைகளில் யார்?

இனி துப்புரவுத் தொழிலாளியின் கேள்விக்குத் திரும்பலாம். அகாடமியின் இருக்கைகளில் இன்று அமர்ந்திருப்பவர் யார்? ஆசிரியர், பேராசிரியர், அரசு ஊழியர், ஓய்வு பெற்றோர், கல்லூரி மாணவர். நேர்மையான பார்வையாளர்கள், ஐயமில்லை. ஆனால் டிட்டாகர், பாட்பாரா சணல் ஆலைகளின் தொழிலாளி அங்கே இல்லை. மேட்டியாபுருசின் தையல் தொழிலாளி இல்லை. சீட்டின் விலை மட்டும் காரணம் அன்று. மாலை ஆறரைக் காட்சி அவருடைய பணிமுறைக்குப் பொருந்தாது. கடைசி ரயில் அவருக்காகக் காத்திருக்காது. ஆலைத் தொழிலாளருள் பலருடைய தாய்மொழி வங்கமும் அன்று.

இதற்கு இருவர் இரு வகையில் விடை தேடினர். ஒருவர் பாதல் சர்க்கார். தொழிலால் நகரத் திட்டமிடல் பொறியாளர். 1967இல் சதாப்தி குழுவைத் தொடங்கினார். 'ஏவம் இந்திரஜித்' போன்ற மேடை நாடகங்களால் நாடறிந்த பின்னர் அந்த மேடையையே துறந்தார். திரை, விளக்கு, ஒப்பனை, சீட்டு ஆகிய நான்கையும் நீக்கினால் எஞ்சுவது நடிகனின் உடலும் பார்வையாளனின் கண்ணுமே என்றார். கர்சன் பூங்காவின் புல்தரையில் வழிப்போக்கர்களுக்கு நடுவே அவரது மூன்றாம் அரங்கு நிகழ்ந்தது. 'மிச்சில்', 'போமா' ஆகியவை கிராமங்களுக்கும் சென்றன. அவர் 1980இல் சோழமண்டலத்தில் நடத்திய பயிற்சிப் பட்டறை தமிழகத்தின் வீதி நாடகத்திற்கும் வேகம் தந்தது என்பது இங்கு நினைவுகூரத் தக்கது. 2025இல் அவரது நூற்றாண்டு நிறைவுற்றது.

மற்றொருவர் உஷா கங்குலி. 1976இல் அவர் தொடங்கிய ரங்ககர்மி குழு கொல்கத்தாவில் இந்தியில் நாடகம் நடத்தியது. அந்நகரின் ஆலைகளிலும் சந்தைகளிலும் உழைக்கும் பல லட்சம் இந்தி மொழியினரை வங்க அரங்கு கண்டுகொள்ளாதிருந்த காலத்தில் அது ஒரு வர்க்க முடிவு. மகாசுவேதா தேவியின் கதையிலிருந்து உருவான 'ருதாலி'யில் கூலிக்கு ஒப்பாரி வைக்கும் தலித் பெண்ணின் வாழ்வு மேடையேறியது. 2020 ஏப்ரலில் அவர் மறைந்தார். பெருந்தொற்றின் முடக்கம் காரணமாக நகரம் அவருக்கு உரிய முறையில் விடைகொடுக்கவும் இயலாமற்போனது.

தன் முகத்தைப் பார்க்கும் கண்ணாடி

தோழர்களே, இடதுசாரிகள் இந்த வரலாற்றைப் பெருமையோடு மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. மக்கள் நாடக மன்றம் உருவாக்கிய பெருங்கலைஞர்கள் பலர் சில ஆண்டுகளிலேயே அதை விட்டு வெளியேறினர். சம்பு மித்ரா 1948இல் விலகினார். பண்பாட்டு முன்னணி எவ்வாறு இயங்க வேண்டும் என்பது பற்றி ரித்விக் கட்டக் 1954இல் கட்சிக்கு ஓர் அறிக்கை எழுதி அளித்தார். கலைஞனைக் கூட்டத்திற்கு ஆள் சேர்க்கும் கருவியாக மட்டும் பயன்படுத்தலாகாது. அவனது கலையே அவனது அரசியல் பணி என்பதை அமைப்பு ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். அறிக்கை கிடப்பில் போடப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். எழுதியவர் வெளியே போனார். எழுப்பப்பட்ட கேள்வி உள்ளேயே தங்கிவிட்டது.

1977 முதல் 34 ஆண்டுகள் நீடித்த இடது முன்னணி ஆட்சி நாடகத்திற்குக் கொடுத்தவை குறைவல்ல. கிரீஷ் மஞ்சும் மதுசூதன் மஞ்சும் அக்காலத்தவை. மாநில நாடக அகாடமி அக்காலத்தது. மாவட்ட நகரங்களில் அரங்குகள் எழுந்தன. கோபர்தங்கா போன்ற சிற்றூரிலும் பாலுர்காட் போன்ற தொலைதூர நகரிலும் நாடகக் குழுக்கள் வேர்பிடித்துத் தழைத்தன. ஆயினும் ஆட்சியும் அரங்கும் ஒரே வீட்டில் வாழத் தொடங்கியதும் அரங்கின் குரல் தணிந்தது. 2002இல் மேடையேறிய 'விங்கிள் டுவிங்கிள்' நாடகத்தில் நெருக்கடி நிலைக் காலத்தில் காணாமற்போன ஒரு கம்யூனிஸ்ட் 26 ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வருகிறார். தன் கட்சியையும் தன் மகனையும் அவரால் அடையாளம் காண முடியவில்லை. அந்நாடகத்தைப் பகைவரின் பிரச்சாரம் என்று சொல்லி ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். ஆனால் அரங்கில் கண்கலங்கி அமர்ந்திருந்தவர்களுள் கட்சி உறுப்பினர்களும் இருந்திருப்பார்கள் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. சிங்கூருக்கும் நந்திகிராமத்துக்கும் பின்னர் நாடகக் கலைஞர் பலர் எதிரணியில் நின்றனர். நாடகாசிரியர் பிராத்ய பாசு 2011க்குப் பின் அமைச்சரானார். அதன்பின் அவர்களுடைய அரங்கிற்கும் அதே சோதனை வந்தது. அதிகாரத்தின் அருகில் அமரும் கலை யாருடைய ஆட்சியிலும் ஒரேவிதமாகவே குரல் இழக்கிறது.

இந்தப் பாடத்தைக் கற்பது தோல்வியை ஒப்புக்கொள்வதாகாது. மேடையில் தன்னைத் தாக்கும் நாடகத்தையும் உட்கார்ந்து பார்க்கும் துணிவு ஓர் இயக்கத்துக்கு இருந்தால், மக்கள் தன்னிடம் நேரில் சொல்லத் தயங்குவதை அது அங்கே கேட்டறிய முடியும். மேடை முன்கூட்டியே சொன்னதைத் தேர்தல் முடிவுகள் பின்னர் சொல்லின.

செய்ய வேண்டியவை

இந்தியாவின் எந்த நகரத்திலும் நாடகப் பருவம் வந்து போகிறது. கொல்கத்தாவின் அனுபவம் மூன்று செயல்களை முன்வைக்கிறது. முதலாவது, சீட்டு வாங்குவது. நாடகக் குழுவைத் தோழமையின் பெயரால் இலவசமாக அழைத்து, மாநாட்டின் இடைவேளையில் அரைமணி நேரம் ஒதுக்கிக் கைதட்டி அனுப்புவது கூலியில்லாத உழைப்பைச் சுரண்டுவதே. தொழிற்சங்கக் கிளை ஒன்று ஒரு காட்சியின் இருக்கைகளை மொத்தமாக விலைக்கு வாங்கி, பணிமுறை முடிந்த தொழிலாளர்களைக் குடும்பத்தோடு அழைத்து வருமானால் குழுவும் பிழைக்கும். இருக்கைகளின் வர்க்கமும் மாறும். இரண்டாவது, இடம் கொடுப்பது. சங்க அலுவலகங்களின் மாடிகளும் கூடங்களும் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. ஒத்திகைக்கு இடமின்றி இளைஞர்கள் பூங்காக்களிலிருந்து விரட்டப்படுகிறார்கள். தில்லியில் ஜன நாட்டிய மஞ்ச் 2012இல் ஷாதிபூரின் உழைக்கும் மக்கள் குடியிருப்புப் பகுதியில் சப்தர் ஹாஷ்மியின் பெயரால் ஓர் அரங்கக் கூடத்தைத் தொடங்கியது இதற்கு நல்ல முன்மாதிரி.

மூன்றாவது, கட்டளையிடாதிருப்பது. இதுவே கடினமானது. நாடகத்தின் முடிவு செங்கொடி ஏற்றத்தில் முடிய வேண்டும் என்று கேட்காதிருப்பது. கதாநாயகன் தவறே செய்யாதவனாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தாதிருப்பது. 1989 ஜனவரி 1 அன்று சாஹிபாபாத்தின் ஜண்டாபூரில் 'ஹல்லா போல்' நாடகத்தை நடித்துக்கொண்டிருந்த சப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டார். மறுநாள் உயிர் நீத்தார். அன்று ராம் பகதூர் என்னும் தொழிலாளியும் கொல்லப்பட்டார். ஜனவரி 4 அன்று மலயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்திற்குச் சென்று பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தனர். எந்தக் குழுவின் ஆணைக்காகவும் அவர்கள் அங்கே செல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்கு நாடகத்தின் மீதிப் பகுதி கடனாக இருந்தது. அதைத் தீர்க்கச் சென்றார்கள்.

பாதாளச் சாக்கடையிலிருந்து தலையை நீட்டிய அந்த மனிதருக்கும் அத்தகையதொரு கடன் பாக்கி இருக்கிறது. இந்தியாவில் கழிவுநீர்த் தொட்டிகளுக்குள் இறங்கும் தொழிலாளர்கள் இன்றும் மூச்சுத்திணறி மடிகிறார்கள். சட்டம் தடை செய்த பின்னும் மடிகிறார்கள். அவரைப் பற்றிய நாடகம் எழுதப்பட வேண்டும். அவர் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஓர் இருக்கையும், வந்து போக ஒரு மாலைப்பொழுதும் அவருக்குக் கிடைக்க வேண்டும். நாடகம் எழுதுவது கலைஞரின் வேலை. இருக்கையையும் மாலைப்பொழுதையும் போராடிப் பெற்றுத் தருவது இயக்கத்தின் வேலை.